இரண்டாம் வகைச் சர்க்கரை நோய்க்கு வீகன் உணவு உதவுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தக் கேள்விகளையெல்லாம் ஒரு காலத்தில் நானே கேட்டுக்கொண்டு அலைந்தேன். எனக்கு இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் இருப்பது தெரிந்து பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. வீகன் உணவுக்கு மாறி ஆறு ஆண்டுகள். நான் மருத்துவர் இல்லை. படித்துத் தெரிந்துகொண்டதும் பட்டுத் தெரிந்துகொண்டதுமாகச் சேர்ந்தவை இந்தப் பதில்கள். அவசரத்தில் படிப்பவர்கள் மாத்திரை பற்றிய பதிலையும் பி12 பற்றிய பதிலையும் மட்டுமாவது படித்துவிட்டுப் போங்கள்.

வீகன் என்றால் சைவம்தானே? புதிதாக என்ன இருக்கிறது?

சைவத்திலிருந்து இன்னும் ஒரு படி தள்ளி நிற்பது. இறைச்சி, மீன், முட்டையோடு பால், தயிர், வெண்ணெய், பாலாடைக்கட்டி, தேன் ஆகியவையும் கிடையாது. தமிழில் நனிசைவம் என்கிறார்கள். 1944இல் பிரிட்டனில் டொனால்ட் வாட்சன் என்பவரும் அவரைச் சேர்ந்த சிலரும் சங்கம் அமைத்தபோது உண்டான சொல் வீகன். விலங்குகளை முன்னிட்டுப் பிறந்த சொல் அது. சர்க்கரை நோயாளிக்காக யாரும் அதை உருவாக்கவில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்தச் சொல் எதையெல்லாம் சாப்பிடக் கூடாது என்று சொல்லுமே தவிர, எதைச் சாப்பிட வேண்டும் என்று சொல்லாது. வெள்ளைச் சர்க்கரை வீகன்தான். மைதாவும் வீகன்தான். எண்ணெயில் பொரித்த உருளைக்கிழங்கும் குளிர்பானமும் சுத்தமான வீகன். இவற்றை மட்டுமே சாப்பிட்டு ஒருவர் கொள்கை பிசகாத வீகனாக இருக்கலாம். சர்க்கரை மட்டும் நானூறில் நிற்கும். கீழே வீகன் உணவு என்று நான் சொல்லும் இடத்திலெல்லாம் பயறு, பருப்பு, காய்கறி, கீரை, முழுப்பழம், தீட்டாத தானியம், அளவாகக் கொட்டைகளும் விதைகளும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். குறையுமா, குறையாதா?

பலருக்குக் குறைகிறது. எவ்வளவு என்பதற்குச் சோதித்துப் பார்த்த கணக்கே இருக்கிறது.

அமெரிக்க மருத்துவர் நீல் பர்னார்டின் குழு 2006இல் வெளியிட்ட ஆய்வில் 99 பேர் கலந்துகொண்டார்கள். பாதிப் பேருக்குக் கொழுப்பு மிகக் குறைந்த வீகன் உணவு. மீதிப் பேருக்கு அந்நாட்டு நீரிழிவுச் சங்கம் அப்போது பரிந்துரைத்திருந்த உணவு. இரண்டாவது குழுவில் எடை கூடியவர்களுக்குக் கலோரிக் கட்டுப்பாடு இருந்தது. வீகன் குழுவுக்கு அளவுக் கட்டுப்பாடே இல்லை, பசிக்கு ஏற்பச் சாப்பிடலாம். 22 வாரங்கள் கழித்து எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் பரிசோதனை) வீகன் குழுவில் 0.96 புள்ளி இறங்கியிருந்தது, மற்றதில் 0.56. இடையில் மருந்து மாற்றப்படாதவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் 1.23க்கு எதிராக 0.38. ஒரு புள்ளி இறங்குவது என்பது பல மாத்திரைகள் செய்யும் வேலைக்குச் சமம். வீகன் குழுவில் 43 சதவீதம் பேருக்கு மருந்து குறைக்கப்பட்டது, மற்றதில் 26 சதவீதம் பேருக்கு.

இந்த இடத்தோடு நிறுத்தி, அற்புதம் என்று எழுதுகிறவர்கள் அதிகம். அதே ஆட்களை 74 வாரம் வரை தொடர்ந்து பார்த்தார்கள். ஆரம்ப நிலையோடு ஒப்பிட்டால் வீகன் குழுவில் இறக்கம் 0.34, மற்றதில் 0.14 என்று சுருங்கிவிட்டது. மருந்து மாற்றத்தின் தாக்கத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தபோது வீகன் குழு இன்னும் முன்னால்தான் நின்றது, 0.40 இறக்கம், மற்றதில் மாற்றமே இல்லை. ஆனாலும் ஆரம்ப மாதங்களின் வேகம் அப்படியே நிலைக்கவில்லை. மனிதர்கள் மெல்ல மெல்லப் பழைய தட்டுக்குத் திரும்புவார்கள். நானும் இரண்டாம் ஆண்டில் அப்படித்தான் வழுக்கினேன்.

தென்கொரியாவில் 2016இல் வெளிவந்த இன்னொரு ஆய்வில் 93 பேர், 12 வாரம். தீட்டாத அரிசியை அடிப்படையாகக் கொண்ட வீகன் உணவில் 0.5 புள்ளி இறக்கம், வழக்கமான நீரிழிவு உணவில் 0.2. வழுவாமல் கடைப்பிடித்தவர்களை மட்டும் பார்த்தால் 0.9க்கு எதிராக 0.3.

ஆக, உதவும். மாத்திரை அளவுக்கு உதவும். கடைப்பிடிக்கும் வரை உதவும்.

எப்படி உதவுகிறது? உடம்புக்குள் என்ன நடக்கிறது?

இரண்டாம் வகையில் சிக்கல் இனிப்பில் தொடங்குவதில்லை, கொழுப்பு தவறான இடத்தில் சேர்வதில் தொடங்குகிறது. தோலுக்கு அடியில் சேர வேண்டிய கொழுப்பு, அங்கே இடம் போதாமல் தசை, கல்லீரல், கணையம் ஆகியவற்றுக்குள் கசிகிறது. தசைச் செல்லுக்குள் கொழுப்புத் துளிகள் சேர்ந்தால், இன்சுலின் வந்து சொன்னாலும் செல் சர்க்கரையை உள்ளே வாங்காது. கல்லீரலில் கொழுப்பு சேர்ந்தால் அது இன்சுலினின் பேச்சைக் கேட்காமல் இரவு முழுக்கச் சர்க்கரையைத் தயாரித்து ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். இரவு ஒன்றுமே சாப்பிடாமல் படுத்தும் காலையில் வெறும் வயிற்றில் 160 காட்டுகிறதே என்று தவிக்கிறோமே, பெரும்பாலும் அது கல்லீரலின் கைவேலை.

பிரிட்டனில் நியூகாசில் பல்கலைக்கழகத்தின் ராய் டெய்லர் 2011இல் 11 நோயாளிகளுக்கு நாளுக்கு 600 கலோரி மட்டும் கொடுத்துப் பார்த்தார். ஏழே நாளில் வெறும் வயிற்றுச் சர்க்கரை இயல்புக்கு வந்துவிட்டது. கல்லீரல் கொழுப்பும் அதே வேகத்தில் கரைந்தது. எட்டு வாரத்தில் கணையக் கொழுப்பு குறைந்து, இன்சுலின் சுரப்பும் மீண்டது. இவ்வளவு ஆண்டு வாசிப்பில் எனக்கு மிகுந்த நம்பிக்கை கொடுத்த செய்தி இது. கணையம் செத்துப்போய்விடவில்லை, மூச்சுத் திணறிக் கிடந்திருக்கிறது.

முழுத் தாவர உணவு இதே வேலையைப் பட்டினி போடாமல் செய்யப் பார்க்கிறது. காய்கறியும் பயறும் வயிற்றை நிறைக்கும், கலோரியோ குறைவு. நிறைவுற்ற கொழுப்பு வெகுவாகக் குறைந்துவிடும். அதனால் எடை இறங்குகிறது, உள்ளுறுப்புக் கொழுப்பும் இறங்குகிறது.

நார்ச்சத்து இன்னொரு பக்கம். ஓட்ஸ், பயறு ஆகியவற்றில் இருக்கும் கரையும் நார் குடலில் கூழ்போல் ஆகி, சர்க்கரை ரத்தத்தில் கலப்பதைத் தாமதப்படுத்துகிறது. பயறுக்கு இன்னொரு குணமும் உண்டு: காலையில் பயறு சாப்பிட்டால் மதியம் வேறு எதைச் சாப்பிட்டாலும் அந்த வேளையின் ஏற்றமும் குறைகிறது. டொராண்டோவின் டேவிட் ஜென்கின்ஸ் 1982லேயே இதைக் காட்டிவிட்டார். கிளைசீமிக் குறியீடு (ஓர் உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு ஏற்றுகிறது என்று காட்டும் எண்) என்று இன்று எல்லோரும் சொல்கிறோமே, அதை முதலில் வகுத்தவரும் அவர்தான். 2012இல் அவருடைய குழு 121 நோயாளிகளில் ஒரு பகுதியினரைத் தினமும் ஒரு கோப்பை பயறு சாப்பிட வைத்தது. மூன்று மாதத்தில் எச்பிஏ1சி 0.5 புள்ளி இறங்கியது. முழுக் கோதுமை சாப்பிட்ட மற்றவர்களுக்கு 0.3. இவர்கள் யாரும் வீகன் இல்லை என்பதைக் கவனியுங்கள். பயறு மட்டுமே கூடியது.

எடை குறைவதால்தான் எல்லாம் நடக்கிறதா? அப்படியானால் எந்த உணவாக இருந்தால் என்ன?

நியாயமான கேள்வி. பெரும்பங்கு எடைதான். பிரிட்டனில் 2018இல் வெளியான டைரெக்ட் ஆய்வில் 306 பேர் கலந்துகொண்டார்கள். ஒரு குழுவுக்குச் சில மாதங்கள் வரை நாளுக்கு 850 கலோரி அளவில் கரைத்துக் குடிக்கும் பவுடர் மட்டுமே உணவு. ஓராண்டில் அவர்களில் 46 சதவீதம் பேர் மருந்தில்லாமல் நோய்த் தணிவு அடைந்தார்கள். 15 கிலோவுக்கு மேல் இறக்கியவர்களில் 86 சதவீதம். அது வீகன் உணவே அல்ல. ஆகவே வீகன் ஒன்றுதான் வழி என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள்.

எல்லாமே எடைதானா என்றால் அதுவும் இல்லை. 1979இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற மருத்துவர், இன்சுலின் ஊசி போட்டுவந்த 20 ஆண்களுக்கு நார்ச்சத்தும் மாவுச்சத்தும் நிறைந்த உணவைக் கொடுத்தார். எடை குறையாதபடி வேண்டுமென்றே அளவைச் சரிசெய்தார். பதினாறு நாளில் சராசரி இன்சுலின் தேவை 26 யூனிட்டிலிருந்து 11 யூனிட்டாக இறங்கியது. 11 பேருக்கு ஊசியே தேவைப்படவில்லை. அந்த உணவும் முழு வீகன் இல்லை. ஆனால் பெரும்பகுதி தாவரம்தான்.

மாவுச்சத்தைக் குறைக்கச் சொல்லித்தானே எல்லோரும் சொல்கிறார்கள்? பயறும் தானியமும் பழமும் சாப்பிட்டால் சர்க்கரை ஏறாதா?

ஏறும். எந்த மாவுச்சத்தும் ஏற்றவே செய்யும். எவ்வளவு, எத்தனை வேகத்தில் என்பதில்தான் வித்தியாசம். வேகவைத்த முழுப் பயறும் அதே எடை வெள்ளை ரொட்டியும் குளுக்கோமீட்டரில் ஒன்றுபோல் காட்டாது. முழு ஆரஞ்சும் ஆரஞ்சுச் சாறும் ஒன்றில்லை. முழுத்தானியத்தையே மாவாக அரைத்துவிட்டால் அதன் வேகம் கூடிவிடும்.

மாவுச்சத்தை வெகுவாகக் குறைத்தும் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கலாம். அந்த வழியில் நன்றாக இருப்பவர்களும் உண்டு. இரண்டு பக்கத்தாரும் சண்டை போட்டுக்கொள்வதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும், ஏனென்றால் இருவரும் தட்டிலிருந்து முதலில் தூக்கி எறிபவை ஒன்றே: சர்க்கரை, மைதா, சாறு, நொறுக்குத்தீனி. செய்யக் கூடாதது ஒன்றுண்டு. நிறைய மாவுச்சத்தையும் நிறைய எண்ணெயையும் ஒரே தட்டில் சேர்ப்பது. பொரித்த மாவுப் பண்டம் வீகனாக இருந்தாலும் சரி, அது இரு உலகங்களின் கெடுதலையும் ஒன்றாகக் கொண்டுவரும்.

நான் மூன்று மாதமாக முழு வீகன். சர்க்கரை இறங்கவே இல்லை. ஏன்?

தட்டைப் பாருங்கள். அமெரிக்காவில் இரண்டு லட்சம் சுகாதாரப் பணியாளர்களை இருபது ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கவனித்து 2016இல் ஒரு கணக்கு வெளியானது. முழுத்தானியம், பயறு, காய்கறி என்று நல்ல தாவர உணவை அதிகம் சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 34 சதவீதம் குறைவு. இனிப்பு, சாறு, தீட்டிய மாவு என்று மோசமான தாவர உணவை அதிகம் சாப்பிட்டவர்களுக்கு அதே வாய்ப்பு 16 சதவீதம் அதிகம். இரண்டு தரப்பும் செடியிலிருந்து வந்ததைத்தான் சாப்பிட்டது.

நான் நேரில் பார்த்தவரை, குற்றவாளி பெரும்பாலும் தாவரப் பால்தான். பெட்டியில் வரும் பலவற்றில் சர்க்கரை கலந்திருக்கும். ஓட்ஸ் பாலில் தனியாகச் சர்க்கரை சேர்க்கவில்லை என்று எழுதியிருந்தாலும், தயாரிக்கும்போதே நொதி கொண்டு மாவுச்சத்தை மால்டோஸ் என்ற சர்க்கரையாக உடைத்துவிடுகிறார்கள். நாளுக்கு நான்கு கோப்பை காபியில் அதைக் கலந்தால் மீட்டர் சொல்லிவிடும். இனிப்புச் சேர்க்காத சோயாப்பால் மேல். தேங்காய்ப்பால் ஏற்றாது, ஆனால் நிறைவுற்ற கொழுப்பு மிகுதி. அடுத்த குற்றவாளி, இறைச்சிபோலவே செய்து விற்கும் பதப்படுத்திய பொருட்கள். மூன்றாவது, கொட்டை வகைகள் நல்லவை என்று கேட்டுவிட்டு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுவது.

தட்டு சரியாக இருந்தும் இறங்கவில்லை, எடையும் தானாகவே குறைந்துகொண்டு போகிறது, உடல்வாகும் ஒல்லி என்றால், உணவோடு மல்லுக்கட்டாமல் மருத்துவரிடம் போங்கள். பெரியவர்களுக்கு மெதுவாக வரும் முதல் வகைச் சர்க்கரை நோயைத் தவறுதலாக இரண்டாம் வகை என்று நினைத்துவிடுவது உண்டு. ஜிஏடி எதிர்ப்பொருள் பரிசோதனை அதைக் காட்டிக்கொடுக்கும். அவர்களுக்கு இன்சுலின் கட்டாயம் தேவைப்படும். எந்த உணவும் அதற்கு ஈடாகாது.

மாத்திரையை நிறுத்திவிடலாமா?

நீங்களாக நிறுத்தக் கூடாது. அதே சமயம், மருந்தை அப்படியே வைத்துக்கொண்டு உணவை மட்டும் தலைகீழாக மாற்றுவதும் ஆபத்து. முதல் பாதியை எல்லோரும் சொல்கிறார்கள். இரண்டாம் பாதியைச் சொல்ல ஆளில்லை.

உங்கள் மருந்தின் அளவு பழைய உணவுக்குப் பொருத்தமாகக் குறித்துத் தரப்பட்டது. இன்சுலின் போடுபவர்களும், கிளிமெப்பிரைடு, கிளிக்லசைடு, கிளைபென்கிளமைடு போன்ற கணையத்தைத் தூண்டும் மாத்திரைகளைப் போடுபவர்களும், உணவு மாறிய முதல் வாரத்திலேயே சர்க்கரை தாழ்ந்துபோய்த் தள்ளாடலாம். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, கண் இருட்டுதல், காரணமில்லாத எரிச்சல் எல்லாம் அறிகுறிகள். 70க்குக் கீழே போனால் உடனே 15 கிராம் குளுக்கோஸ் அல்லது சர்க்கரை எடுத்துக்கொண்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதித்துப் பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் கொட்டையோ பயறோ உதவாது, நார்ச்சத்து தாமதப்படுத்தும். சர்க்கரைதான் மருந்து.

எனக்கு அது நடந்தது ஒன்பதாம் நாள் இரவில். 54. எழுந்து சமையலறை வரை நடக்க முடியவில்லை. உணவு மாற்றப்போகிறேன் என்று முன்பே சொல்லியிருந்தால் மருத்துவர் அளவைக் குறைத்திருப்பார். சொல்லாதது என் தவறு. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்: தொடங்குவதற்கு முன்னால் சொல்லுங்கள். எந்த மருந்தை எவ்வளவு குறைப்பது, எந்த எண்ணுக்குக் கீழே போனால் அழைப்பது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மெட்ஃபார்மின் மட்டும் போடுபவர்களுக்குத் தாழ்சர்க்கரை அநேகமாக வராது. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் (சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் மாத்திரைகள்) போடுபவர்கள் திடீரெனப் பட்டினி கிடப்பதோ மாவுச்சத்தை அடியோடு வெட்டுவதோ கூடாது. சர்க்கரை இயல்பாகத் தெரியும்போதே ரத்தத்தில் கீட்டோன் அமிலம் கூடும் அபாயம் இந்த மருந்துகளில் உண்டு. ரத்த அழுத்த மாத்திரைக்கும் இதே எச்சரிக்கை. எடை குறையும்போது அழுத்தமும் இறங்கி, எழுந்து நின்றால் தலை சுற்றலாம். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போடுபவர்கள் கீரையைத் திடீரென்று கூட்டினால் அதிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையைக் குறைத்துவிடும்.

யாரெல்லாம் தனியாக முயலக் கூடாது?

சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்கள் முதலில். பயறு, கீரை, பழம், கொட்டை எல்லாவற்றிலும் பொட்டாசியம் மிகுதி. பழுதான சிறுநீரகம் அதை வெளியேற்றத் திணறும். சில ரத்த அழுத்த மாத்திரைகளும் பொட்டாசியத்தைக் கூட்டுபவை. கருவுற்றவர்கள், இரைப்பை மெதுவாகக் காலியாகும் சிக்கல் உள்ளவர்கள், ஏற்கெனவே உடல் மெலிந்த முதியவர்கள், சாப்பாட்டோடு மனப்போராட்டம் இருந்தவர்கள் ஆகியோரும் உணவியல் நிபுணரின் துணையோடுதான் மாற வேண்டும். சர்க்கரை நெடுநாளாக மிக உயரத்தில் இருந்தவர்கள் தொடங்குமுன் கண் விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். சர்க்கரை மிக வேகமாக இறங்கும்போது ஏற்கெனவே இருக்கும் விழித்திரைப் பாதிப்பு சில காலம் கூடித் தெரிவது உண்டு.

பி12 பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

இன்னும் பேச வேண்டும். வைட்டமின் பி12ஐ நுண்ணுயிரிகள்தான் தயாரிக்கின்றன. நமக்கு அது விலங்கு உணவு வழியாக வருகிறது. வீகன் தட்டில் நம்பத்தக்க அளவு பி12 இயற்கையாக இல்லை. கடற்பாசியையும் புளித்த உணவையும் நம்பாதீர்கள். இது எல்லா வீகன்களுக்கும் பொது. சர்க்கரை நோயாளிக்கு இன்னொரு அடி விழுகிறது: மெட்ஃபார்மின் நெடுநாள் போட்டால், குடல் பி12ஐ உறிஞ்சுவது குறைகிறது. உள்ளே வருவதும் இல்லை, வந்தது சேர்வதும் இல்லை.

பி12 குறைந்தால் பாதம் மரத்துப்போகும், எரியும், ஊசி குத்தும். சர்க்கரையால் நரம்பு கெட்டாலும் இதே பாதம், இதே எரிச்சல். ஆகவே எல்லோரும் சர்க்கரைமீது பழியைப் போட்டுவிடுகிறார்கள். என் பாதம் ஓராண்டுக்கு மேல் எரிந்தது. சர்க்கரைக் கணக்கோ முன்னெப்போதையும்விட நன்றாக இருந்தது. நரம்பு வலி மாத்திரை கொடுத்தார்கள், அளவைக் கூட்டினார்கள். பி12 பார்க்க யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தெரியவில்லை. கடைசியில் பார்த்தபோது இயல்பு அளவின் கீழ்க்கோட்டுக்கும் வெகு கீழே இருந்தது. ஊசி போட்ட பிறகு எரிச்சல் பெருமளவு போயிற்று. இரண்டு கட்டைவிரல்களின் நுனியில் மட்டும் உணர்ச்சி இன்றுவரை திரும்பவில்லை. தாமதித்தால் நரம்பு முழுதாக மீளாது.

இன்னும் ஒரு தந்திரம் உண்டு இந்தக் குறைபாட்டிடம். கீரையிலும் பயறிலும் நிறைந்த ஃபோலேட், பி12 குறைவால் வரும் ரத்தசோகையை மறைத்துவிடும். ரத்த எண்ணிக்கை நன்றாக இருக்கும், நரம்பு உள்ளே கெட்டுக்கொண்டிருக்கும். எனவே ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறது என்று நிம்மதி அடையாமல், பி12 அளவைத் தனியாகக் கேட்டுப் பாருங்கள். பிரிட்டனின் வீகன் சங்கம் சொல்வது: மாத்திரையாக எடுத்தால் தினமும் குறைந்தது 10 மைக்ரோகிராம், அல்லது வாரம் 2000 மைக்ரோகிராம். மெட்ஃபார்மின் போடுபவர்கள் தங்கள் அளவை மருத்துவரிடம் கேட்டு முடிவுசெய்ய வேண்டும்.

பி12 அல்லது இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகை எச்பிஏ1சியைப் பொய்யாக உயர்த்திக் காட்டவும் கூடும். வீட்டு மீட்டர் ஒன்று சொல்ல, ஆய்வகச் சீட்டு வேறொன்று சொன்னால் இதையும் நினைத்துப் பாருங்கள்.

புரதம் போதுமா?

போதும், திட்டமிட்டால். ஒரு கோப்பை வெந்த பருப்பில் ஏறத்தாழ 18 கிராம், ஒரு குவளை சோயாப்பாலில் 7 கிராம் அளவு. ஒவ்வொரு வேளையிலும் பயறு, டோஃபு, சோயா இவற்றில் ஒன்று இருக்க வேண்டும். வெறும் காய்கறியும் சோறும் போதாது. அறுபதைத் தாண்டியவர்கள் உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல் பார்த்துக்கொள்வது நல்லது (சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவு வேறு, மருத்துவர் சொல்வார்). சர்க்கரையை எரிக்கும் பெரிய அடுப்பு தசைதான். எடை குறைகிறது என்று மகிழும்போது தசை கரைந்துவிடக் கூடாது. வாரம் இரண்டு நாளாவது எடை தூக்கும் பயிற்சி இதற்காகவே.

வேறு என்னென்ன குறையலாம்?

கால்சியம், வைட்டமின் டி, அயோடின், இரும்பு, ஒமேகா 3. பிரிட்டனில் நடந்த எபிக் ஆக்ஸ்ஃபர்டு ஆய்வின் 2020ஆம் ஆண்டுக் கணக்கில், இறைச்சி உண்பவர்களைவிட வீகன்களுக்கு எலும்பு முறிவு 43 சதவீதம் அதிகமாக இருந்தது. கால்சியம் சேர்த்த தாவரப் பால், கால்சியம் உப்பில் உறையவைத்த டோஃபு, எள், கீரை ஆகியவற்றைத் தினமும் சேருங்கள். அயோடின் கலந்த உப்பு. ஒமேகா 3க்கு ஆளிவிதைப் பொடி ஒரு கரண்டி.

தயிரைக்கூட விட வேண்டுமா?

சர்க்கரைக்காக மட்டும் என்றால், கட்டாயமில்லை. இனிப்பில்லாத தயிர் சாப்பிடுபவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு சற்றுக் குறைவு என்றே பல கணக்குகள் காட்டுகின்றன. சிவப்பு இறைச்சி, அதிலும் பதப்படுத்திய இறைச்சி, எதிர்ப்பக்கம் நிற்கிறது. நான் பாலை விட்டதற்கு விலங்குகள்மீதான அக்கறைதான் முதல் காரணம், அதைச் சர்க்கரைக் கணக்கில் எழுத மாட்டேன். உங்களால் முக்கால்வாசி மாற முடிகிறது என்றால் அந்த முக்கால்வாசிக்கு உரிய பலன் கிடைக்கும். முழுக்க முடியாது என்பதற்காகக் கொஞ்சமும் செய்யாமல் விடாதீர்கள்.

வயிறு உப்பிக்கொள்கிறதே?

நார்ச்சத்தை ஒரே நாளில் கூட்டினால் அப்படித்தான். இரண்டு மூன்று வாரத்தில் மெல்ல ஏற்றுங்கள். பயறை ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு வேகவையுங்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள். குடல் பழகிவிடும்.

எங்கிருந்து தொடங்குவது?

ஒரு வேளையிலிருந்து. காலை உணவைப் பயறு அல்லது ஓட்ஸ் அடிப்படையில் மாற்றி, இரண்டு வாரம் அதையே கடைப்பிடியுங்கள். தட்டில் பாதி காய்கறி, கால்வாசி பயறு அல்லது டோஃபு, கால்வாசி தானியம். காய்கறியையும் பயறையும் முதலில் சாப்பிட்டுவிட்டு, தானியத்தைக் கடைசியில் தொடுங்கள். வரிசையை மாற்றினால் போதும், ஏற்றம் குறைவதை மீட்டரிலேயே பார்க்கலாம். சாப்பிட்ட பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் நடை.

மீட்டரை ஆசிரியராக வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிடுமுன் ஒருமுறை, முதல் வாய் உண்ட நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை. ஒரே உணவு இருவருக்கு ஒரே மாதிரி ஏற்றாது. எனக்குப் பழுத்த வாழைப்பழம் ஆகாது, ஓட்ஸ் ஒத்துக்கொள்கிறது. தலைகீழாக இருப்பவர்களையும் அறிவேன்.

எத்தனை நாளில் தெரியும்?

வெறும் வயிற்றுச் சர்க்கரையில் இரண்டு மூன்று வாரத்துக்குள் அசைவு தெரியும். எச்பிஏ1சிக்கு மூன்று மாதம் பொறுக்க வேண்டும். சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள் என்பதால் அதற்கு முன் அது முழுக் கதையைச் சொல்லாது.

நோய் அடியோடு போய்விடுமா?

குணம் என்ற சொல்லை மருத்துவர்கள் தவிர்க்கிறார்கள், தணிவு என்கிறார்கள். சர்க்கரைக்கான மருந்துகளை நிறுத்திக் குறைந்தது மூன்று மாதம் ஆனபின் எச்பிஏ1சி 6.5க்குக் கீழே இருந்தால் அது தணிவு. நோய் வந்து சில ஆண்டுகளே ஆனவர்கள், இன்னும் இன்சுலின் தேவைப்படாதவர்கள், நன்றாக எடை குறைப்பவர்கள் ஆகியோருக்கு வாய்ப்பு அதிகம். பதினைந்து இருபது ஆண்டு ஆனவர்களுக்குக் குறைவு. எடை திரும்பினால் நோயும் திரும்பும். டைரெக்ட் ஆய்விலேயே இரண்டாம் ஆண்டு முடிவில் 46 சதவீதம் 36ஆக இறங்கியது. தணிவு வந்தாலும் கண், சிறுநீரகம், பாதம் ஆகியவற்றின் ஆண்டுப் பரிசோதனையை விடக் கூடாது.

எனக்குத் தணிவு வரவில்லை. மூன்று வகை மாத்திரை ஒன்றாகக் குறைந்தது, எச்பிஏ1சி 8.9இலிருந்து 6.8க்கு வந்தது. அந்த ஒரு மாத்திரையைத் தினமும் மறக்காமல் போடுகிறேன். மாத்திரை போடுவதைத் தோல்வி என்று நினைத்து மறைப்பவர்கள் இருக்கிறார்கள். அதைப் பார்த்தால் மனம் வலிக்கிறது.

மருத்துவரிடம் போகும்போது என்னென்ன கேட்பது?

எந்த மருந்து தாழ்சர்க்கரை உண்டாக்கும், தொடக்கத்தில் எவ்வளவு குறைக்க வேண்டும். பி12, ஹீமோகுளோபின், வைட்டமின் டி, கிரியாட்டினின், பொட்டாசியம், கொழுப்பு ஆகியவற்றின் இன்றைய அளவு. சிறுநீரில் புரதம் போகிறதா. கண் கடைசியாக எப்போது பார்க்கப்பட்டது. வீட்டில் சோதித்த எண்களை ஒரு தாளில் எழுதி எடுத்துப்போங்கள். உணவைப் பற்றிப் பேச அவருக்கு நேரமில்லை என்றால், உணவியல் நிபுணர் ஒருவரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். மூன்று மாதம் கழித்து அதே பரிசோதனைகளுக்கு இப்போதே நாள் குறித்துக்கொண்டு வாருங்கள்.